இரும்பைத் தொட்டுச் சொல்லும் பெயர்

ஸ்காட்லாந்துக் கரையில் இருக்கும் எங்கள் மீனவ ஊர் ஸ்கேர்நெஸ்ஸில் யாரும் வீட்டுக் கதவைப் பூட்டுவதில்லை. ஆனாலும் சாவி இல்லாமல் யாரும் வெளியே கிளம்ப மாட்டோம். ஆணோ பெண்ணோ, சட்டைப் பையில் ஒரு பெரிய பழைய இரும்புச் சாவி கனத்துக்கொண்டிருக்கும். பூட்டாத கதவுக்கு எதற்குச் சாவி என்று கேட்டால் நீங்கள் கடலறியாத உள்நாட்டுக்காரர். எப்பி மேரும் உள்நாட்டுக்காரிதான். ஆனால் அவள் கேட்கவே இல்லை. மீன் பிடிக்கிறவர்களுக்கு மூளையில் உப்பு ஏறிவிடும் என்று அவள் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அதோடு விட்டுவிட்டாள்.

முழுப் பெயர் எல்ஸ்பெட். பஸ்ஸில் ஒரு மணி நேரம் உள்ளே போனால் வருகிற பண்ணையொன்றில் பிறந்தவள். அங்கே டர்னிப் கிழங்கும் மாடும்தான் பேச்சு. டர்னிப்பைப் பிடுங்கி, தழையைச் சீவி, ஓடுகிற வண்டிக்குள் வீசி வீசியே வளர்ந்த கை அவளுடையது. அந்தக் கையைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்ப் பெண்கள், "அந்தப் பய பொண்டாட்டி கட்டிட்டு வந்தானா, மாடு பிடிச்சிட்டு வந்தானா?" என்று அவள் காதுபடவே சிரித்தார்கள். எப்பி அசரவில்லை.

"மாடுதான். முட்டுவேன், தள்ளி நில்லுங்க" என்றாள்.

அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

புருஷன் லூயி மேரை அவள் சந்தித்தது ஒரு மாட்டுச் சந்தையில். சிங்கிறால் பிடிக்கிறவனுக்கு மாட்டுச் சந்தையில் என்ன வேலை என்று அவளும் கேட்கவில்லை, அவள் வீட்டாரும் கேட்கவில்லை. கடல் வாசனை இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் நிற்கலாம் என்று வந்தேன் என்றானாம். நல்ல பையன், குடி கிடையாது, சொந்தப் படகு. வேறென்ன வேண்டும்?

கல்யாணம் எங்கள் ஊர்த் தேவாலயத்தில் நடந்தது. நானும் இருந்தேன். போதகர், "லூயி மேராகிய நீ" என்று ஆரம்பித்தாரோ இல்லையோ, தேவாலயம் முழுக்கக் கலகலவென்று ஒரு சத்தம். எல்லார் பையிலும் சாவி குலுங்கியது. எப்பி பூரித்துப்போனாள். இங்கே மாப்பிள்ளை பெயரைச் சொன்னதும் ஊரே சாவி குலுக்கி வாழ்த்துகிறது, கோயில் மணி மாதிரி இருந்தது என்று தன் தங்கையிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். பிற்பாடும் கல்யாணத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அந்தச் சாவிச் சத்தத்தைத்தான் முதலில் சொல்வாள். நாங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வோம். வேறென்ன செய்ய?

பிள்ளைகள் பிறக்கவில்லை. அதை ஒரு குறையாக அவர்கள் தூக்கிக்கொண்டு திரியவும் இல்லை. மற்ற ஆண்கள் நாலு பேர், ஐந்து பேராகக் கடலுக்குப் போவார்கள். லூயி மட்டும் தனியாகப் போவான். விடிந்ததும் சின்னப் படகில் கிளம்பி, கரையோரப் பாறைகளுக்கிடையில் சிங்கிறால் கூண்டுகளை இறக்கிவிட்டு, முந்தின நாள் இறக்கியதைத் தூக்கி, மதியத்துக்குள் திரும்பிவிடுவான். ஏன் தனியாக என்று கேட்டால், "கூட்டம் எனக்கு ஒத்துக்காது எப்பி" என்பான். எப்பி அதையும் நம்பினாள். நம்புவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

எங்கள் ஊரில் மேர், ஸ்லேட்டர் என்ற இரண்டு குடும்பப் பெயர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மருத்துவர் ஒருவர்தான். லூயி மேர் என்று கடிதம் போட்டால் தபால்காரர் நாலு கதவைத் தட்ட வேண்டும். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கேலிக்கு வைத்ததல்ல, அதுதான் உண்மையான பெயர். அம்மா கூப்பிடுவதும் அதைத்தான், கல்லறையில் பொறிப்பதும் அதைத்தான். எப்பியின் புருஷன் லூயிக்கு லாண்டி என்று பெயர். எப்பி மட்டும் அவனை லூயி என்பாள்; அவளுக்காக நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

எப்பி வேலை பார்த்த மீன் பதனிடும் ஆலை மூடப்பட்டபோது அவள் வேலை இல்லாமல் நின்றாள். அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஐல்சா என்ற பெண் எங்கள் நூலகத்துக்கு வந்தாள். நூலகம் என் பொறுப்பில் இருந்தது. மியூரியல் ஸ்லேட்டர் என்ற என் பெயரைக் கேட்டாலே புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காதவர்கள் இன்றும் எதிர்த்தெருவுக்குப் போய்விடுவார்கள்.

எங்கள் பேச்சு ஸ்காட்ஸ் மொழி. அதில் பாட்டு உண்டு, வசவு உண்டு, பிரசங்கம் உண்டு. எல்லாரும் ஒத்துக்கொண்ட எழுத்துமுறைதான் கிடையாது. 'நல்லது' என்பதற்குத் தெற்கே 'கிட்' என்பார்கள், நாங்கள் 'க்வீட்' என்போம். எழுத உட்கார்ந்தாலோ வீட்டுக்கு ஒரு எழுத்து. கரையோர மக்களின் பேச்சையெல்லாம் பதிவு செய்து, எழுத்தில் இறக்கி, கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் தேடும்படி செய்ய வேண்டும் என்பது ஐல்சாவின் ஆசை. வீடு வீடாகப் போய்ச் சமையலறை மேசையில் ரெக்கார்டரை வைத்துவிட்டு, டீ குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பாள். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்ய நாலு ஊரில் நாலு பேர். எங்கள் பக்கத்தில் எப்பி. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதினார்கள். "எழுதட்டும், எந்திரம் பாத்துக்கும்" என்றாள் ஐல்சா.

எந்திரம் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். முதலில் எழுத்தைப் பார்க்கும்: இந்தச் சொல்லில் எத்தனை எழுத்தை மாற்றினால் அந்தச் சொல் வருகிறது என்று. அப்புறம் ஓசையைப் பார்க்கும். இரண்டிலும் பிடிபடாவிட்டால் சேர்க்கையைப் பார்க்கும். ஒரு சொல்லுக்கு அக்கம்பக்கத்தில் எந்தெந்தச் சொற்கள் வந்து உட்காருகின்றன? இரண்டு சொற்களுக்கும் ஒரே அக்கம்பக்கம் என்றால், உடுப்பு வேறாக இருந்தாலும் ஆள் ஒன்றுதானோ என்று சந்தேகப்படும். ஊர்வம்பு பேசுகிறவர்கள் செய்வதும் இதையேதான், கரண்ட் செலவு மட்டும் இல்லை.

சந்தேகம் வந்தால் இரண்டு சொற்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கேட்கும்: ஒன்றா, வேறா? எப்பி இரண்டில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவள் சொல்லச் சொல்ல அது கற்றுக்கொள்ளும். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. "டர்னிப் தரம் பிரிக்கிற மாதிரிதான்டி. கை மட்டும் நாறல" என்பாள்.

ஐல்சா ஒரு விதி வைத்திருந்தாள். பேச்சை மட்டும் எழுதினால் போதாது. இருமல், சிரிப்பு, கெட்டில் கொதிப்பது, எது காதில் விழுந்தாலும் எழுத வேண்டும். அதனால் எப்பி 'இருமல்' என்று எழுதினாள், 'சிரிப்பு' என்று எழுதினாள். எங்கேயாவது டங்கென்று கேட்டால் 'தட்டல்' என்று எழுதினாள். யாரோ அடுப்புக் கரண்டியை இடித்துவிட்டார்கள், நாற்காலிக் காலை உதைத்துவிட்டார்கள் என்று நினைத்தாள்.

குளிர்காலம் தொடங்கிய ஒரு மதியம். கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து ஜன்னலில் அப்பிக்கொண்டிருந்தது. எப்பி திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"மியூரியல், உன் எந்திரத்துக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு. ஷேவிங்கிற பேரும் காஸ்டிங்கிற பேரும் ஒண்ணான்னு கேக்குது. எழுத்துலயும் ஒத்துமை இல்ல, சத்தத்துலயும் இல்ல."

"வேறன்னு போட்டுட்டுப் போயேன்."

போட்டாள். அடுத்தது காஸ்டியும் பாட்டியும் ஒன்றா என்று கேட்டது. பாட்டி என்பதும் எங்கள் ஊரில் ஓர் ஆணின் பட்டப்பெயர்தான். வேறு என்றாள். பாட்டியும் ஜெல்லியும்? வேறு. மறுநாள் வந்து உட்கார்ந்ததும் அதே பெயர்கள் வேறு வரிசையில் வந்து நின்றன. எத்தனை தடவை விரட்டினாலும் சேர்ந்தே வந்தன. அவளுடைய சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

"இவங்கள்ல நாலஞ்சு பேரை எனக்குத் தெரியும்டி" என்றாள். "தெரியும்னா, சாவு தெரியும். எல்லாரும் கடல்ல போனவங்க. ஒருத்தர் உடம்பும் கிடைக்கல. இது எல்லாரையும் ஒரே ஆளுன்னு சொல்லுது."

"பதிவுல கடல் கதைதானே பேசுறாங்க. அதுல ஒட்டிக்கிட்டிருக்கும்" என்றேன். அடுத்து எது வரும் என்று அவளுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது.

வந்தது. இடப்பக்கம் ஷேவி, வலப்பக்கம் லாண்டி. ஒன்றா, வேறா?

எப்பி பொத்தானைத் தொடவில்லை. கோட்டைக்கூட எடுக்காமல் எழுந்து படகுத்துறைக்கு ஓடினாள். லூயி அன்று இன்னும் திரும்பியிருக்கவில்லை. மூடுபனிக்குள் நின்று அவள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியதை ஊரே கேட்டது. துறையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் மோட்டார் சத்தம் கேட்டது. இரண்டு கூடை சிங்கிறாலோடு வந்து இறங்கிய லூயி, "என்ன எப்பி, மாடு ஏதும் செத்துப்போச்சா?" என்று கேட்டானாம். அவனைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த தடவை ஐல்சா வந்தபோது எப்பி அவளைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள். எந்திரம் ஏன் அப்படி நினைக்கிறது என்று காட்டச் சொன்னாள். ஐல்சா எதையோ தட்டிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"இந்தப் பேரு எல்லாத்துக்கும் பக்கத்துல ஒரே சொல்லு வருதுக்கா. 'தட்டல்'. நீங்களும் மத்தவங்களும் அதை ஒரு சொல்லா எழுதியிருக்கீங்க, எந்திரமும் சொல்லுன்னே எண்ணிக்கிச்சு. கேளுங்களேன்."

பதிவுகளிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளாகப் போட்டாள். துறையில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் கிழவர் ஜீம்ஸின் குரல்: "அது ஷேவி இருந்த வருஷம்." டங். யாரோ ஒரு பெண்: "காஸ்டிக்கு அப்ப கல்யாணம்கூட ஆகல." டங். மறுபடி ஜீம்ஸ்: "லாண்டி நல்ல பையன்." டங். வெவ்வேறு வீடு, வெவ்வேறு குரல். இரும்பில் இரும்பு படுகிற சத்தம் மட்டும் ஒன்று.

"ஏதோ பழைய வழக்கம் போல" என்றாள் ஐல்சா. "வேணாம்னா, எந்திரம் அந்தச் சத்தத்தை எண்ணாம இருக்கச் சொல்லிடலாம். அப்புறம் இந்தக் கூட்டம் வராது."

"சொல்லிடும்மா" என்றாள் எப்பி. பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "மியூரியல், உன் கை எங்கடி இருக்கு?"

என் கை என் பையில் இருந்தது. பைக்குள் சாவியில் இருந்தது. ஜீம்ஸின் குரல் லாண்டி என்றதும் அது தானாகவே போயிருந்தது.

ஐல்சாவை அனுப்பிவிட்டு நான் சொன்னேன். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

கடலுக்கு ஒரு கணக்கு உண்டு என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அது கேட்ட ஆளை அதன் கையிலிருந்து பிடுங்கினால், பிடுங்கியவனைக் கேட்கும். முதலில் கேட்டவனையும் விடாது. அதன் ஆட்களின் பெயரை வெறுமனே சொன்னால் அதற்குக் காது கேட்கும். இரும்பைத் தொட்டுச் சொன்னால் கேட்காது. லூயி நடைபழகிய வயதில் துறையிலிருந்து தவறி விழுந்தான். ஆழமான இடம், இரண்டு படகுகளுக்கு நடுவே. அவன் தாய்மாமன் குதித்துத் தூக்கினான். அடுத்த ஹெர்ரிங் மீன் பருவத்தில் மாமன் போனான், உடம்பு கிடைக்கவில்லை. பெரியவனானதும் லூயி ஒரு படகில் வேலைக்குச் சேர்ந்தான். முதல் மாதமே அவன் பக்கத்தில் நின்றவன் அலையோடு போனான். அவன்தான் ஷேவி; லூயியைத் தேடி வந்த அலை அவனை எடுத்துக்கொண்டது என்றார்கள். அதற்குப் பிறகு லூயியை எந்தப் படகும் ஏற்றவில்லை.

எப்பி திரையை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என் கல்யாணத்துல..." என்றாள்.

"ஆமா."

"ஊரே வாழ்த்துதுன்னு நெனச்சேன்டி."

அவள் அடுத்ததாகக் கேட்ட கேள்வியை நினைத்தால் எனக்கு இன்றும் குளிரெடுக்கிறது. உள்நாட்டுக்காரிக்கு மட்டும்தான் அதை வாய்விட்டுக் கேட்கத் தோன்றும்.

"அவரு இப்ப தண்ணில விழுந்தா யாரு தூக்குவா?"

நான் எழுந்து போய்த் திரையை அணைத்தேன். பதில் தெரியாமல் இல்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் லூயியிடம் கேட்டிருக்கிறாள். கைமாவும் உருளைக்கிழங்கும் ஆறிப்போய் அப்படியே இருந்ததாம். எல்லாம் அவனுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"என்கிட்ட ஏன்யா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீயும் தொட்டிருப்ப."

"எதை?"

"இரும்பை. ஊருல ஒருத்தரும் என் பேரைச் சும்மாச் சொன்னதில்ல எப்பி. எங்கம்மா சாப்பிடக் கூப்பிடும்போதுகூட ஒரு கை அடுப்பு மேல இருக்கும். அதுக்குத்தான் மாட்டுச் சந்தைக்கு வந்தேன். கடலைத் தெரியாத ஒருத்தி வாயில என் பேரு வெறும் பேரா இருக்காதான்னு பாத்தேன்." கொஞ்சம் பொறுத்து, "இருந்துச்சு" என்றானாம்.

இதை என்னிடம் சொல்லும்போது எப்பி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, சொல்வதில் என்ன வெட்கம்.

கடலுக்குப் போகாதே என்று அவள் சண்டை போட்டாள். "பின்ன என்ன, டர்னிப் நடவா?" என்று அவன் மழுப்பினான். கடைசியில் வசந்தகாலம் முடிந்ததும் படகை விற்றுவிடுவது என்று பேசி முடித்தார்கள். அதுவரை தினமும் அவன் திரும்புகிற நேரத்துக்கு எப்பி துறையில் போய் நின்றாள். மழையோ காற்றோ, நின்றாள். எல்லாரும் அவளோடு அன்பாகத்தான் பேசினார்கள். எங்கள் ஊரில் கெட்டவர்கள் என்று யாரும் இல்லை. அதுதான் இதில் பயங்கரம்.

மே மாதம். படகை வாங்க ஆள் பார்த்தாகிவிட்டது. வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதே கடல் மேல் மூடுபனி சுவர் போல எழும்பி நின்றது. நான் எப்பிக்குத் துணையாகத் துறைக்குப் போயிருந்தேன். லூயியின் படகு பனிக்குள்ளிருந்து வெளியே வந்தது. துறைக்கு நேர் எதிரே, கூப்பிடு தூரத்தில், கடைசிக் கூண்டை இடம் மாற்றி இறக்கினான். கூண்டு தண்ணீரில் விழுந்ததும் கயிறு சரசரவென்று ஓடியது. ஓடுகிற கயிறு அவன் காலைச் சுற்றியது. படகில் நின்ற ஆள் சத்தமே இல்லாமல் காணாமல் போனான்.

துறையில் ஆறேழு ஆண்கள் நின்றார்கள். கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவன் எப்படியோ காலை விடுவித்துக்கொண்டு மேலே வந்தான். தலை தெரிந்தது, கை தெரிந்தது. நீரோட்டம் அவனைத் துறைச் சுவருக்கே கொண்டுவந்தது. எட்டும் தூரத்தில் மிதவை வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் படகு கட்டுகிற இரும்புக் கட்டையைச் சுற்றி நின்றார்கள். அத்தனை கைகளும் அதன் மேல் இருந்தன.

எப்பி வளையத்தைப் பிடுங்கினாள். கயிற்றின் ஒரு முனையைக் கட்டையில் கட்ட வேண்டும், கட்ட இடமில்லை.

"கையை எடுங்க" என்றாள்.

ஜீம்ஸ் மெதுவாகச் சொன்னார்: "விட்டுடு தாயி. அது உன்னுது இல்ல."

"முப்பது வருஷமா என்னுதுதான் பெரியவரே. கையை எடும்!"

ஒவ்வொரு கையாகத் தட்டிவிட்டுக் கயிற்றைக் கட்டினாள். பிறகு ஒரு காலை முன்னே வைத்து வளையத்தை வீசினாள். ஓடுகிற வண்டிக்குள் டர்னிப் வீசிய கை தப்புமா? வளையம் அவன் தலைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அவன் அதற்குள் கையை நுழைத்துக்கொண்டான். அவள் படிக்கட்டுப் பக்கமாக இழுத்தாள். நானா? அவள் பின்னால் நின்று அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். கயிற்றை நான் தொடவில்லை. கோட்டைப் பிடித்ததும் கணக்கில் சேருமா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் ஆள் இல்லை.

படியேறி வந்து லூயி கல்லில் விழுந்து கடல்நீரைக் கக்கினான். அவ்வளவுதான், துறை முழுக்க உயிர் வந்துவிட்டது. ஒருவர் கம்பளிக்கு ஓடினார், ஒருவர் விஸ்கி கொண்டுவந்தார், ஒருவர் தன் சட்டையையே கழற்றிப் போர்த்தினார். ஜீம்ஸ் முழங்காலிட்டு உட்கார்ந்து அவன் காலைத் தேய்த்துவிட்டார். கிழவர் கண்ணில் நீர் ஓடியது, நடிப்பில்லை. பிறகு தலைதூக்கி அவளைப் பார்த்தார்.

"நல்ல கை உனக்கு எப்பி" என்றார்.

அவருடைய இன்னொரு கை சுவரில் பதித்திருந்த இரும்பு வளையத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தது.

எப்பி அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் லூயியை எழுப்பித் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

படகு விற்கப்பட்டது. லூயி இப்போது மற்றவர்களின் படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறான், கரையில் நின்றுதான். எப்பி மறுபடி நூலகத்துக்கு வந்து காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். ஐல்சாவின் பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. துறையில் நடந்ததைப் பேசாத வீடு இல்லை. எப்பி எல்லாவற்றையும் ஒரு எழுத்து விடாமல் தட்டச்சு செய்தாள். தன் பெயர் வருகிற இடங்களிலும் விரல் நிற்கவில்லை. நான் எட்டிப் பார்க்காமல் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

இலையுதிர்காலத்தில் ஒரு நாள் ஐல்சாவிடம் சொன்னாள்: "அந்தத் தட்டலை எண்ண வேணாம்னு சொன்னேனே, அதை மறுபடி எண்ணச் சொல்லும்மா."

"எதுக்குக்கா? பழையபடி அந்தக் கூட்டம் வந்து நிக்கும்."

"நிக்கட்டும். யாரெல்லாம்னு பாக்கணும்."

ஐல்சா மாற்றிவிட்டுப் போனாள். மறுநாள் எப்பி என்னைக் கூப்பிட்டாள். போய் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். திரையில் இரண்டே பெயர். இடப்பக்கம் லாண்டி. வலப்பக்கம் எப்பி. ஒன்றா, வேறா?

ஜன்னலுக்கு வெளியே கடல் அமைதியாக இருந்தது. எப்பி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். பயந்த முகமாகத் தெரியவில்லை. கல்யாணத்தன்று சாவிச் சத்தம் கேட்டபோது எப்படி இருந்தாளோ, கிட்டத்தட்ட அப்படி இருந்தாள்.

"இத்தனை வருஷத்துல இந்த ஊரு என்னைப் பத்திச் சரியாச் சொன்னது இது ஒண்ணுதான்டி" என்றாள். 'ஒன்று' என்ற பொத்தானை அழுத்தினாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, "உன் பேரு வந்திருக்கான்னும் தேடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

எப்பி இன்றும் இருக்கிறாள், திடமாகத்தான் இருக்கிறாள். துறைப் பக்கம் மட்டும் போவதில்லை. ஊரில் அவள் பெயரை வெறுங்கையோடு சொல்கிறவன் லூயி ஒருவன்தான். நானும் முயன்று பார்த்தேன். இதை முழுவதும் ஒரு கையால்தான் தட்டச்சு செய்திருக்கிறேன்.